முன்னிலை இல்லாத பேச்சு

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியே என் ஆயுசில் பாதி போய்விட்டது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பேசுகிறவர் தன்மை, கேட்கிறவர் முன்னிலை, பேச்சில் அடிபடுகிற மூன்றாவது ஆள் படர்க்கை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் முழிப்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு பெரிய மனிதர்கள் முன்னிலையே இல்லாமல் பேசிக்கொண்டதில் என் அக்காவின் உயிர் போகப் பார்த்தது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? போகவில்லை. அதனால்தான் என்னால் சிரிக்க முடிகிறது.

அந்த இருவரில் ஒருவர் என் அப்பா, எங்கள் பஞ்சாயத்துத் தலைவர். மற்றவர் ஊர் மிராசுதார். ஊர் முத்துப்பேட்டைக்கு வடக்கே இருக்கிறது. மேலே இருக்கிற ஊர்களெல்லாம் குடித்தது போக மிச்சம் மீதித் தண்ணீர் வந்து சேரும் கடைமடை. வடக்கே தார் ரோடு. ரோட்டை ஒட்டி ஊர்த்தெரு. தெற்கே, வயல்களுக்கு நடுவில், எங்கள் தெரு. ரோட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் இடையில் கிடந்த வயல் முழுக்க மிராசுதாருடையது. நடவு முடிந்துவிட்டால் நாங்கள் வெளியே போக ஒற்றை வரப்புதான். ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும்.

அப்பா அந்த மிராசுதார் பண்ணையில் மாடு மேய்த்து வளர்ந்தவர். மிராசுதார் அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். அப்பா அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவார். எஜமானே என்று அர்த்தம். அவர் அப்பாவை 'டேய்' என்பார். ஊர் வழக்கம் அது. பிறகு கூலிச் சண்டை வந்தது. அறுப்புக்கு இத்தனை மரக்கால் நெல் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கொடி பிடித்தார்கள், வயலில் இறங்க மறுத்தார்கள். போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுத் தங்கியது. அத்துமீறி வயலில் நுழைந்தார் என்று அப்பா மேல் கேஸ் போட்டு உள்ளே வைத்தார்கள். ஜெயிலில்தான் அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டார். வெளியே வந்தவர் மைக் பிடித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். ஆட்சி மாறி, மேடைத் தமிழ் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அப்பா மந்திரி எதிரில் நின்று 'மாண்புமிகு' என்று தொடங்கி மூச்சுவிடாமல் பேசுவார். கலெக்டரை 'ஐயா அவர்களே' என்று அழைத்துவிட்டு அவரை மடக்கிக் கேள்வி கேட்பார். நாங்கள் குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டபோது, தெருவுக்கெல்லாம் பட்டா வாங்கிக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவரும் அவர்தான். மனை வந்தது. மனைக்குப் போகிற பாதை வரவில்லை. சட்டம் போட்டவர்கள் நாங்கள் பறந்து போய்விடுவோம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

பல வருஷம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் ஒருவழியாக நடந்தபோது அப்பா நின்றார். வீடு வீடாகப் போய் அவர் சொன்ன வாக்குறுதிகளில் ஒன்று, 'ஆண்டே' என்கிற சொல்லை இனி நம் தெருவில் ஒருத்தரும் சொல்லக்கூடாது என்பது. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் தெரு ஓட்டோடு, ஊர்த்தெருவில் பயந்து பயந்து போட்ட ஓட்டும் சேர்ந்து அப்பா ஜெயித்தார்.

தலைவர் ஆனதும் அவர் செய்த முதல் காரியம், ஒரு ஸ்பானர் வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டது. எந்தத் தெருவில் கை பம்பு மக்கர் பண்ணினாலும் ஆள் வரும் வரை காத்திருக்க மாட்டார். வாஷரைக் கழற்றி மாற்றிவிட்டு, முதல் தண்ணீரைத் தானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஊர்த்தெருப் பம்பையும் அவர்தான் சரி செய்தார். பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைக்கிற கொட்டகைக்குக் கூரை மாற்றினார். எரியாத தெருவிளக்கை எரியவைத்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அவரிடம் வந்தது. "தலைவர்னா இதெல்லாமா பாக்கணும்?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்பா சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார். அவருக்குப் பெருமை தாங்காது.

இவ்வளவு செய்தவருக்கு ஒன்று மட்டும் முடியவில்லை. மிராசுதாரிடம் பேச முடியவில்லை.

பகை என்று நினைக்க வேண்டாம். பகை இருந்திருந்தால் சுலபமாகப் பேசியிருப்பார். சிக்கல் எல்லாம் கூப்பிடுவதில்தான். 'ஆண்டே' என்று சொல்லக்கூடாது, வாக்குறுதி கொடுத்தாயிற்று. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் 'நீங்க' என்று ஆரம்பிக்க அவருக்கு நாக்கு வரவில்லை. 'ஐயா' என்றால் பயந்தது போல இருக்கும். 'சார்' என்றால் சிரிப்பார்கள். 'அண்ணே' என்றால் அடிதடியாகிவிடும். மிராசுதாருக்கும் இதே அவஸ்தை. பஞ்சாயத்துத் தலைவரை 'டேய்' என்றால் மறுநாள் மனு பறக்கும். 'வாங்க' என்று சொல்லப் பிறந்ததிலிருந்து பழக்கமில்லை. ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தப்பித்துக்கொண்டு திரிந்தார்கள். எதிரே மிராசுதாரின் குடை தெரிந்தால் அப்பா சைக்கிளை வாய்க்கால் கரையில் இறக்கிவிடுவார். அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் மிராசுதார் உரக்கடைக்குள் நுழைந்துவிடுவார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது.

இது இப்படியே கிடந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அக்கா மறுபடியும் உண்டானாள்.

அக்காவின் முதல் பிரசவம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். அப்போது மழைக்காலம். வலி எடுத்ததும் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரப்பில் கட்டில் போகாது. தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தார்கள். ரோட்டைத் தொடுவதற்குள் நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாவது தடவை உண்டானபோது, பிரசவத்துக்கு அங்கே வரமாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்பினாள். அவள் மாமியார் வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண் துணை கிடையாது. அப்பா நேரில் போய், "பாதை போட்டுட்டுத்தாம்மா ஒன்னைக் கூப்புட வருவேன். இப்ப ஒங்கப்பன்தான் தலைவரு" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, தாசில்தாருக்கு அனுப்பி, சர்க்கார் அந்த நிலத்தைக் கையகப்படுத்தி, அதற்கு மிராசுதார் கோர்ட்டுக்குப் போய் என்று ஆரம்பித்தால் வருஷக் கணக்காகும். என் அக்காவின் வயிறு அவ்வளவு நாள் காத்திருக்காது. நேரே போய்க் கேட்டுவிடுவது ஒன்றுதான் வழி.

ஆடி மாசம், வயல் இன்னும் உழாமல் கிடந்தபோது, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போது வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். "நீ படிச்சவ. எனக்கு வார்த்த தடுமாறினா எடுத்துக் குடு" என்றார். மந்திரியை வாங்கு வாங்கென்று வாங்குகிற மனுஷன்! வீட்டுக்குப் போனால் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று பிரச்சினை வரும் என்பதால், மிராசுதார் களத்துக்கு வருகிற நேரம் பார்த்துப் போனோம். அவர் பிள்ளைகள் மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். சம்சாரம் தவறிப்போய்விட்டது. பண்ணையை அவரே தனியாகச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நடந்த பேச்சை நான் அப்படியே சொல்கிறேன். இதில் எங்கேயாவது ஒரு 'நீ', ஒரு 'நீங்க', ஒரு 'நான்' இருக்கிறதா என்று பாருங்கள்.

"என்ன, இந்தப் பக்கம்?" என்றார் மிராசுதார், தென்னை மரத்தைப் பார்த்து.

"ஒரு விஷயமா வரவேண்டியிருந்துச்சு" என்றார் அப்பா, வைக்கோல் போரைப் பார்த்து.

"எலெக்‌ஷன்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்."

"முடிஞ்சுது."

"பம்புலகூட இப்ப தண்ணி நல்லா வருதுன்னாங்க."

"வாஷர்தான் போயிருந்துச்சு."

"உக்காரலாம்."

"இருக்கட்டும்."

நான் அப்பாவின் முதுகைச் சுரண்டினேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தெருவுக்குப் பாதை இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு. பிரசவம், ஒடம்பு சரியில்லன்னா தூக்கிட்டுப் போவ முடியல. கெழக்கு ஓரமா, வாய்க்கால ஒட்டி, ஒரு வண்டி போற அளவுக்குக் கெடைச்சா நல்லாருக்கும்" என்றார்.

மிராசுதார் கிழக்கே திரும்பி வயலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "பாதைதானே? விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் அம்மா நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு?" என்றாள்.

"விட்டுடச் சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'பாதையை விட்டுடறேன்' என்றால் பாதை கிடைத்துவிட்டது. 'பாதையை விட்டுடுங்க' என்றால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று அர்த்தம். யார் விடுவது என்று சொல்லாமல் 'விட்டுடலாம்' என்றால் என்ன செய்வது? எனக்கும் அப்பா மாதிரிதான் காதில் விழுந்தது. அந்தப் பெருமூச்சும், பதிலுக்கு நிற்காமல் போன போக்கும் வேறு எப்படித் தோன்றும்? தலைமுறை தலைமுறையாக இல்லை இல்லை என்றே கேட்டுப் பழகின காதுகள் எங்களுடையவை. ஆமாம் என்று ஒருவர் சொன்னால்கூட அது அப்படித்தான் விழும்.

செய்தி தெருவுக்குத் தெரிந்தது. இளவட்டங்கள் கொதித்தார்கள். அந்த வயலில் இந்த வருஷம் நம் தெருப் பெண்கள் நடவுக்குப் போகக்கூடாது என்று முடிவாயிற்று. ஆவணியில் வெளியூர் டிராக்டர் வந்து உழுதது. கிழக்கு ஓரத்தில், வாய்க்காலை ஒட்டி, ஒரு வண்டி அகலத்துக்கு உழாமல் விட்டுவிட்டுப் போனது. புரட்டாசியில் வெளியூர்ப் பெண்கள் வந்து நட்டார்கள். அந்த ஓரம் மட்டும் அருகம்புல் மண்டித் தரிசாகவே கிடந்தது.

அதைப் பார்த்து எங்கள் தெரு என்ன நினைத்தது தெரியுமா? வேலி போடப் போகிறான் என்று நினைத்தது. முள்ளை வெட்டிப் போட்டு, இருக்கிற வரப்பையும் அடைக்கப் போகிறான் என்றார்கள். அப்பா எல்லோரையும் கூப்பிட்டு, "அந்த ஓரத்துல யாரும் காலை வச்சிடாதீங்க. அத்துமீறி நொழைஞ்சதா கேஸ் போட்டு உள்ள வச்சிருவாங்க. நான் பார்த்திருக்கேன்" என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் கட்டுப்பாடான தெரு. ஒரு கோழிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

இதற்கு நடுவில் அக்கா வந்துவிட்டாள். அப்பா கூப்பிடப் போகவில்லை, எந்த முகத்தோடு போவார்? அவளாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "பாதை வரலன்னாலும் பரவால்லம்மா. அங்க தனியா இருக்க பயமா இருக்கு" என்று அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. அதன் பிறகு அக்கா ஒவ்வொரு தடவை ஊர்த்தெருவில் இருந்த நர்ஸம்மாவைப் பார்க்கப் போகும்போதும் வரப்பில் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவோம். பக்கத்திலேயே அந்தப் புல்தரை காய்ந்து, கெட்டியாக, ரயில் பிளாட்பாரம் போலக் கிடக்கும். நாங்கள் அதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே சேற்றில் வழுக்கி வழுக்கி நடப்போம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலை, அடுப்பு மூட்டின கையோடு அம்மா என்னைக் கத்திக் கூப்பிட்டாள். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. நர்ஸம்மா மழையில் நனைந்துகொண்டு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "குழந்தை குறுக்க கெடக்கு. இங்க வச்சுக்க முடியாது. சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

மறுபடியும் அதே கயிற்றுக் கட்டில். அப்பா முன்னால் கட்டில் கால் ஒன்றைப் பிடித்தார். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்தபோது, "இதுவும் போயிருமாடி?" என்று கேட்டாள். கட்டிலைத் தூக்கினவர்கள் வயலில் இறங்கினார்கள். முதல் அடியிலேயே அப்பாவின் கால் முழங்கால் வரை புதைந்தது. பயிர் மடங்கியது. நான்கு பக்கமும் நான்கு விதமாகச் சாய்ந்துகொண்டு கட்டில் நகர்ந்தது.

மிராசுதார் அந்த நேரம் வயலில்தான் இருந்தார். தண்ணீர் தேங்காமல் வடிகிறதா என்று பார்க்கக் குடையோடு வந்திருந்தார். தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டார். "இந்தா!" என்று கத்தினார். எங்கள் ஊரில் பெயர் சொல்ல முடியாத ஆளையெல்லாம் 'இந்தா' என்றுதான் கூப்பிடுவது. மழைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்ட எனக்கும், பயிரை மிதிக்கிறோம் என்று சண்டைக்கு வருகிறார் என்றுதான் தோன்றியது. இரு, உன்னை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தேன். அவர் வரப்பில் ஓடிவர ஆரம்பித்தார். அந்த வயசில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டே கத்தினார்.

"பாதையில வாங்க! ஏன் சேத்துல எறங்குறீங்க? பாதையில வாங்கய்யா! அது வேற எதுக்குக் கெடக்கு? உங்களுக்குத்தானே விட்டேன்!"

கட்டில் நின்றுவிட்டது. அப்பா வாயைத் திறந்தபடி கிழக்கு ஓரத்தைப் பார்த்தார். பிறகு மிராசுதாரைப் பார்த்தார். "எங்களுக்கா?" என்றார்.

"பின்ன யாருக்கு? அன்னிக்கே விட்டுடலாம்னு சொன்னேன்ல!"

"அது..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஆராய்ச்சியெல்லாம் அப்பறம் பண்ணிக்கலாம், நடங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது. கட்டில் கிழக்கே திரும்பி, வாய்க்கால் ஓரம் ஏறியது. புல்லுக்கு அடியில் தரை கெட்டியாக இருந்தது. தூக்கினவர்கள் ஓடினார்கள். ஆமாம், கட்டிலோடு ஓடினார்கள். மிராசுதார் எங்களுக்கு முன்னால் ஓடி ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸை நடுரோட்டில் நின்று குடையை விரித்துப் பிடித்து மறித்தார். டிரைவர் திட்டினார். "யோவ், ஏத்துய்யா மொதல்ல!" என்று பதிலுக்கு அவரும் திட்டினார். டிரைவரிடம் எப்படிப் பேசுவது என்பதில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது அம்மா சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஈர வேட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேறு முழங்காலில் காய்ந்து வெடித்திருந்தது. "ஆவணியிலேர்ந்து அது நம்ம பாதையா?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. என் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்குக்கூட இல்லை.

தெருவில் வேறொரு சண்டை ஆரம்பமாகியிருந்தது. மிராசுதார் 'வாங்க' என்று சொன்னாரே, அது மரியாதையா, பன்மையா? அங்கே நிறையப் பேர் இருந்தார்கள், அதனால் 'வாங்க' என்றார், இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று இளவட்டங்கள் வாதாடினார்கள். இல்லை, தலைவரைப் பார்த்துத்தான் சொன்னார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். 'வாங்கய்யா' என்றதில் அந்த 'ஐயா'வை என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள். தமிழ் படித்தவள் என்று தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். இரண்டுக்கும் விகுதி ஒன்றுதான், இலக்கணத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றேன். இதற்குத்தான் படிக்க வைத்தாரா உங்கப்பா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பின அன்று, அப்பா டவுனில் வாடகைக் கார் பிடித்தார். எங்கள் தெருவுக்குக் கார் வருவது அதுதான் முதல் தடவை. மழை விட்டு நல்ல வெயில். கார் ரோட்டிலிருந்து கிழக்கு ஓரத்தில் திரும்பும் இடத்தில் மிராசுதார் குடையோடு நின்றிருந்தார். காத்துக்கொண்டு நின்றாரா, தற்செயலா என்று தெரியாது. அப்பா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். வாய்க்கால் கரையில் இறங்கி ஓட இந்தத் தடவை வழியில்லை.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நான் கார் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டேன்.

"பொறந்தது நல்லாருக்கா?" என்றார் மிராசுதார், கார் சக்கரத்தைப் பார்த்து.

"நல்லாருக்கு." அப்பா மென்று விழுங்கினார். பிறகு, மேடையில்கூட அவர் அப்படி மூச்சை இழுத்து நான் பார்த்ததில்லை, "நீங்க அன்னிக்கு விட்டுடலாம்னு சொன்னீங்க. நாங்க அத, பாதை கேக்குறத விட்டுடுன்னு சொன்னதா நெனச்சிட்டோம்" என்றார்.

மிராசுதார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "விட்டுக் குடுத்த எடத்துல கால் வைக்கக்கூட உங்களுக்கு மனசில்லைன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்! ரெண்டு மாசமா இந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ண வரப்புலயா நடக்க வச்சீங்க? சந்தேகம்னா வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கலாம்தான்" என்றார் அப்பா. "என்னன்னு கூப்புட்டுக் கேக்குறது?"

மிராசுதார் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வயலைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கடைசியில் வேறு எதையும் பார்க்க மிச்சமில்லாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் அதான்" என்றார்.

காருக்குள் குழந்தை சிணுங்கியது. அக்கா சேலையை விலக்கி அதன் முகத்தை வெயில் படாமல் திருப்பினாள். மிராசுதார் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். அப்பா முன் கதவைத் திறந்தார். ஆனால் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏறுங்க" என்றார். "தெரு வரைக்கும் வாங்க."

அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. குடையை மடக்கினார். செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்தார். காரில் ஏறி, அப்பாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.